அரை அவியல்

கிளிநொச்சியில் ஒரு நெல் மில்லில் நான் மிசின் ஓட்டிய காலத்தில், எனக்குக் கிடைத்த கெட்ட பெயரில் பெரும்பகுதி இன்னொருவன் சம்பாதித்துத் தந்தது. அவன் எங்கள் மில்லில் நெல் அவிப்பவன். என்னைவிட மூத்தவன் என்பதால் வாயால் அண்ணை என்பேன். மனதுக்குள் அழைத்ததை இங்கே எழுத முடியாது.

ஊறிய நெல்லைக் கிடாரத்தில் போட்டு அவிப்பது அவன் வேலை. பெண்கள் களத்தில் காயப்போடுவார்கள். கடைசியில் அது என் மிசினுக்கு வரும். நெல் வாய் பிளக்கும்வரை அடுப்பில் நிற்க வேண்டும். அவனோ உமியைத் தள்ளி நெருப்பை மூட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குக் கதைக்கப் போய்விடுவான். கதை முடிந்து வந்ததும், அவிந்ததோ இல்லையோ, இறக்கிக் கொட்டுவான். அரை அவியல் நெல்லின் நடுவில் வெள்ளை நிற்கும். மிசினில் விழுந்தவுடன் அரிசி நொறுங்கிக் குறுணலாகிவிடும். பிழை அவனுடையது, ஆனால் அது வெளியே கொட்டுவது என் கையில். சனம் என்னைத்தான் ஏசும்.

முதலாளியும் அப்படித்தான். "மிசினை இறுக்கிப்போட்டு நித்திரை கொள்ளுறியோ? இனி ஒருக்கா குறுணல் விழுந்தால் வீட்டை போ" என்றார். வீட்டில் அப்போதுதான் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது.

நேரே அவனிடம் போனேன். "அண்ணை, நெல்லு அவியேல்லை. ஒண்டைக் கடிச்சுப் பாருங்கோ."

வாயிலிருந்த சுருட்டைக்கூட அவன் எடுக்கவில்லை. "தம்பி, நீ உன்ரை மிசினைப் பார். நான் நெல்லு அவிக்கத் தொடங்கேக்கை நீ பிறக்கேல்லை."

களத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிழை தன்னுடையது என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துக்கொண்டேன்.

அறுவடை முடிந்ததும் வாய்ப்பு தானாகவே மாட்டு வண்டியில் ஏறி வந்தது. உடையார்கட்டில் அவன் தங்கைக்குக் கலியாணம். சொந்த வயல் நெல்லை மில்லுக்குக் கொண்டுவந்து, அவனே அவித்தான். அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் வருவோர் போவோர் எல்லாரையும் அவனுக்குக் கலியாணத்துக்கு அழைக்க வேண்டியிருந்தது. அடுப்பு அணைந்துபோனது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

காய்ந்து வந்த நெல்லில் ஒன்றைக் கடித்தேன். நடுவில் வெள்ளை. திரும்ப அவிக்க நாள் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அவன் சொன்னபடி என் மிசினைப் பார்த்தேன்.

"கலியாண நெல்லு, முதலாளி. கிட்ட வந்து நிண்டு பாருங்கோ" என்று அவரைக் கூப்பிட்டேன். அயலூர்க்காரி ஒருத்தி தன் வீட்டிலேயே அவித்துக் கொண்டுவந்திருந்த நெல்லை முதலில் போட்டேன். முழு முழு அரிசியாக வந்தது. மிசினை இறுக்காமலும் தளர்த்தாமலும் அடுத்ததாக அவன் நெல்லைக் கொட்டினேன். வந்ததெல்லாம் குறுணல்.

"மிசின் பிழை!" என்று பக்கத்தில் நின்ற அவன் கத்தினான்.

முதலாளி இரண்டையும் கைக்கொன்றாக அள்ளிப் பார்த்தார். "மிசின் அதே மிசின்தானே. அவியல்தான் வேறை."

என் வேலை தப்பியது. ஆனால் எனக்குப் போதவில்லை. அவன் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லையே.

கலியாணத்துக்கு வேட்டி கட்டி, சால்வை போட்டுக்கொண்டு போனேன். சோறு குழைந்து களியாக இலையில் ஒட்டியது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் தாய் என்னைக் கண்டுவிட்டு, "இந்த மில்காரன்தான் என்ரை பிள்ளையின்ரை கலியாண அரிசியை நொறுக்கிப்போட்டான்!" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார்.

சோற்று வாளியோடு அவன் என் முன்னால் நின்றான். பக்கத்து இலையில் முதலாளி இருந்தார். நான் அவனையே பார்த்தபடி சோற்றைப் பிசைந்தேன்.

"இல்லையணை அம்மா," என்றான், தலையைக் குனிந்துகொண்டு. "அவன்ரை மிசினிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் அவியமுந்தி இறக்கினனான்."

மணப்பெண்ணை நினைத்து அந்த நேரம் மனம் இரங்கியது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். இரங்கவில்லை. வாளியில் இன்னும் சோறு இருந்தது.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று இலையைக் காட்டினேன்.