வெட்டச் சொன்ன புத்தகம்

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நம் வாசகர் குழுவுக்கு அவசரமாக மெயில் அடிக்கிறேன்.

இன்று சாயங்காலம் சேலையூர் கேம்ப் ரோடு லெண்டிங் லைப்ரரியில் ஒரே ரகளை.

வீட்டிலேயே சோதனை செய்து பார்க்கிற அறிவியல் புத்தகம் ஒன்றை ஒரு சிறுமி திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் இருந்த கெட்டி அட்டைத் தாள்களைக் காணோம்.

லைப்ரரி அக்கா கொதித்துவிட்டார். "வாடகை புக்கை யாராவது வெட்டுவாங்களாடி?"

"வெட்டி ஒட்டுன்னு அதுலயே போட்டிருக்கே அக்கா!"

பையிலிருந்து ஒரு பெரிஸ்கோப்பை எடுத்து நீட்டினாள். நீள அட்டைக் குழாய், உள்ளே இரண்டு கண்ணாடித் துண்டு. "இதையும் சேர்த்துதான் ரிடர்ன் பண்றேன்."

அலமாரிக்குப் பின்னாலிருந்து இடுக்கு வழியாக நானும் வேடிக்கை பார்த்தேன்.

அக்கா முறைத்துக்கொண்டே, உட்கார்ந்தபடியே குழாயை அலமாரி ஓரமாக நீட்டிக் கண்ணை வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, எழுந்திருக்காமயே அந்தப் பக்கம் தெரியுதே! இது இங்கேயே இருக்கட்டும். டெலஸ்கோப் செய்யற புக் ஒண்ணு வந்திருக்கு, எடுத்துக்கோ. வெட்டறதுக்கு முன்னாடி மட்டும் என்கிட்ட சொல்லு."

மறுபடி கண்ணை வைத்தார்.

"சார், அங்க நின்னுகினு தொடர்கதைய ஓசில படிக்கிறது நீங்கதானா?"

சேலையூரில் விஞ்ஞானம் வளரட்டும், சந்தோஷம்தான். எனக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி. இந்த வாரப் பத்திரிகை யார் வீட்டில் இருக்கிறது?