வாசலிலிருந்து தெரிகிற மீன்

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் நல்லம்மாளின் வீட்டுக் கதவுக்கு மட்டும் தீபாவளி தவறாமல் புதுச் சாயம் ஏறும். சமையலறைச் சுவர் உரிந்து கிடக்கும், அது வேறு விஷயம். விருந்தாளி சமையலறைக்குள்ளா வரப்போகிறார்? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கால்கடுக்க நின்று வேலை பார்த்துப் பிள்ளையை ஆளாக்கிய மனுஷி அவள். கணவன் போன பிறகும் யாரிடமும் கையேந்தவில்லை. எந்திரச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகி, போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டவளுக்கு, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்பதை மட்டும் தாங்கத் தெரியவில்லை. கொடியில் காயப்போட்ட கிழிந்த துண்டை எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள் என்பதற்காக ஒரு வாரம் லிப்டில் ஏறாமல் படியிறங்கியவள்.

இந்த வருஷம் அவளுடைய மானத்துக்குச் சோதனை ஒரு கண்ணாடித் தொட்டியாக வந்தது. மகன் கிஷன் தன் மனைவி ஷர்மினியின் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. ஒன்றரை அடி நீளம். உள்ளே உப்புத் தண்ணீர், மணல், கடல் பாறை, மேலே நீல விளக்கு. மீன்தான் இல்லை. கிளினிக்கில் வேலை பார்க்கும் ஷர்மினி வீடு திரும்பியதும் கொஞ்சம் தண்ணீரைக் குப்பியில் எடுத்து மருந்துச் சொட்டு விடுவாள். நிறத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள்.

"இன்னும் ஆகல அத்தே. மீனோட கழிவத் தின்னுற கிருமி கல்லுல வளரணும். அது வளராம மீன விட்டா, அதோட கழிவே அதுக்கு விஷமாயிடும். தீபாவளி கழிஞ்சுதான்."

"கல்லுக்கு லைட் போட்டு வச்சிருக்காங்கன்னு சிரிப்பாங்கமா."

"சிரிச்சா சிரிக்கட்டும் லா."

நல்லம்மாளுக்குச் சுருக்கென்றது. சிரிக்கட்டுமாம்! கெப்பாலா பத்தாஸிலிருந்து அக்கா குடும்பத்தோடு வருகிறாள். அவள் வாய் சும்மா இருக்குமா?

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, ஷர்மினி பூ வாங்கப் போன நேரம் பார்த்து நல்லம்மாள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் ஹாஃபிஸின் வளர்ப்பு மீன் கடை. உயிருள்ளதைத் தேர்ந்தெடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. தெரிந்ததெல்லாம் புடவை. வாசலில் நின்று பார்த்தால் எடுப்பாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. அந்தக் கணக்கோடு தொட்டி தொட்டியாகப் பார்த்து வந்தாள்.

"சின்ன டேங்க்னா இது நல்லா இருக்கும்மா," என்று ஹாஃபிஸ் ஒரு மீனைக் காட்டினார். சுண்டுவிரல் அளவு, மணலோடு மணலாகக் கிடந்தது.

"இது இருக்குறதே தெரியலையே தம்பி. அந்த நீலத்தக் குடு."

பளபளக்கும் நீல உடம்பு, மஞ்சள் வால். கல்யாணப் பட்டுப் போல ஓடிக்கொண்டிருந்தது.

"அது ரொம்ப ஓடுற மீனும்மா. பெரிய டேங்க் வேணும். உங்களோடது எத்தன அடி?"

பின்னால் அவளுடைய புளோக்கிலேயே குடியிருக்கும் ஒருத்தி நின்றிருந்தாள். ஒன்றரை அடி என்று சொல்ல நாக்கு கூசியது.

"நாலடி."

"தண்ணி செட் ஆயிடுச்சா?"

"அதெல்லாம் எப்பவோ ஆயிடுச்சு."

ஒரு நீலமும், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடியும் பிளாஸ்டிக் பையில் வந்தன. ஷர்மினி பூவோடு திரும்பியபோது மூன்றும் தொட்டிக்குள் இருந்தன. நீலம் இந்தக் கண்ணாடியில் முட்டித் திரும்பி அந்தக் கண்ணாடியில் முட்டியது. ஷர்மினியின் முகம் வெளுத்துப் போனது. கத்துவாள் என்று நல்லம்மாள் பதிலுக்குத் தயாராக நின்றாள். அவள் கத்தவில்லை.

"கடையில டேங்க் சைஸ் கேக்கலயா அத்தே?"

"யாரு கேட்டா? காசக் குடுத்தேன், மீனக் குடுத்தாரு."

ஷர்மினி தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்காக வாளியில் உப்புக் கரைக்கப் போனாள்.

காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து நல்லம்மாள் கூடத்துக்கு வந்தபோது நீல மீன் பாறை ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. நிறமெல்லாம் போய்ப் பழந்துணி மாதிரி. ஜோடி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஷர்மினி புதுப் புடவையை இடுப்பில் செருகி, அவற்றை வாளிக்கு மாற்றினாள். தரையெல்லாம் தண்ணீர். அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா வந்து சேர்ந்தாள்.

"என்னாடி இது, நல்ல நாள் அதுவுமா செத்த மீனு?"

நல்லம்மாளுக்குக் காதெல்லாம் சூடேறியது. வாய் திறப்பதற்குள் ஷர்மினி முந்திக்கொண்டாள்.

"நான்தான் பெரியம்மா. அவசரப்பட்டு வாங்கிட்டேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு முறுக்குத் தட்டை நீட்டியிருந்தால் போதும். நல்லம்மாளோ நாலு பேரும் தன்னையே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, சிரித்தபடி சொன்னாள்:

"இந்தக் காலத்துப் புள்ளைங்க நம்ம சொன்னா எங்க கேக்குதுங்க?"

ஷர்மினி நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க நல்லம்மாள் பலகாரம் பரிமாறினாள், தண்ணீர் கொடுத்தாள், புடவையைப் பாராட்டியவர்களுக்குத் தலையாட்டினாள். சொன்ன சொல் மட்டும் அந்த மந்தக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷமாக அவள் பயந்ததெல்லாம் அடுத்தவர் கண்ணுக்கு. தன்னை நினைத்துத் தானே கூசுவது இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஜோடி மீன்களைக் கடையிலேயே ஒப்படைக்க ஷர்மினி கிளம்பினாள். வாளியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நல்லம்மாளும் காரில் ஏறினாள். வழியில் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினாள். வாய் வருவதற்குள் கடை வந்துவிட்டது.

"வாங்கம்மா! நாலடி டேங்க்ல நம்ம நீலம் ஜோரா ஓடுதா?" என்றார் ஹாஃபிஸ்.

ஷர்மினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரும்பி மாமியாரைப் பார்க்காமல் வாளியின் மூடியைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள். அவள் முறைத்திருந்தால்கூட நல்லம்மாள் பொறுத்திருப்பாள். தன் அவமானத்தைப் பார்க்காமலிருக்க அந்தப் பெண் குனிந்ததுதான் அவளை உலுக்கிவிட்டது.

"நாலடி இல்ல தம்பி. ஒன்றரை அடிதான். தண்ணியும் ஆகல. நான் பொய் சொன்னேன். அது செத்துப்போச்சு."

நல்லம்மாள் அங்கேயே பையைத் துழாவிப் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த மீன வாங்கியாந்தது ஷர்மினி இல்ல. வேணாம்னு அது சொல்லியும் நான்தான் வாங்கினேன்."

ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"அது எனக்கு நேத்தே தெரியும்டி. நீ என் கண்ணப் பாத்தா பேசின? மீன் செத்தா செத்துட்டுப் போவுது. உன் மானத்தக் காப்பாத்த அந்தப் புள்ள வாளியோட நின்னுச்சே, அதப் போயி விட்டுக் குடுத்தியே. வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு எறங்கல."

கடையில் மீன் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்லம்மாள் ஸ்பீக்கரை அணைக்கவில்லை. தலை குனிந்தபடி முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள்.

ஷர்மினி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சின்ன டேங்க்குக்குன்னு இவரு ஏதாச்சும் காட்டினாரா அத்தே?"

நல்லம்மாள் அந்தத் தொட்டியின் முன்னால் போய்க் குனிந்தாள். முதலில் மணல்தான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில் மூக்கு படும்படி நெருங்கித் தேடினாள்.

"இதோ இருக்கு," என்றாள். மருமகளின் முகத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வராததால் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.