மார்லிஸ் ஓட்டிய படகு

மார்லிஸ் ஜாடினுக்கும் கிளெமுக்கும் கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடம். அதில் முப்பது வருடம் கிளெமிடம் ஒரு படகு இருந்தது. கெவானி துறையில் மூன்றாவது வரிசையில் நிற்கும், இருபத்திரண்டு அடி நீளம், வெள்ளையும் பச்சையும். அந்தப் படகில் மார்லிஸ் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. தண்ணீர் ஆடுவதைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். அவரும் வா என்று கூப்பிட்டதில்லை. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை முடிந்த கையோடு தம்பி யூஜினை ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் போய்விடுவார். மார்லிஸ் காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள், அதை நிறுத்திவிட்டு வந்து என்னோடு பள்ளிச் சமையலறையில் நிற்பாள். சாயங்காலம் வீட்டுக்கு சால்மனோ ட்ரவுட்டோ வந்து சேரும். கழுவி, உப்பில் ஊறவைத்து, புகைபோட்டு அடுக்குவாள். அது எப்படிப் பிடிபட்டது என்று இவள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

போன மார்ச் மாதம் கிளெமுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வரும்: திங்கட்கிழமை. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். ஏன் அந்தச் சொல் மட்டும் மிஞ்சியது என்று டாக்டருக்கே தெரியவில்லை. முதல் மாதம் மார்லிஸ் சிரித்தாள். அப்புறம் அந்தச் சொல்லைக் கேட்டாலே சமையலறைக்குள் போய் நின்றுகொள்வாள்.

யூஜின் வழக்கம்போல மே மாதம் படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டினான். அதோடு சரி. அண்ணனைப் பார்க்க அவன் வரவில்லை. கிளெம் ஜன்னலோரம் உட்கார்ந்து துறையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆகஸ்டில் பெரிய சால்மன்கள் கரைப்பக்கம் நெருங்கிவிட்டன என்று ஊரே பேசியபோது, மார்லிஸ் யூஜினைப் போனில் பிடித்து உலுக்கினாள்.

"ஒரே ஒரு மத்தியானம் அவன கூட்டிட்டுப் போடா. உன்னால முடியாதா?"

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வருகிறேன் என்றான்.

செவ்வாய்க்கிழமை நானும் துணைக்குப் போனேன். துறையில் நின்ற தடியர்கள் இரண்டு பேர் கிளெமை நாற்காலியோடு தூக்கிப் படகுக்குள் இருக்கையில் உட்காரவைத்தார்கள். "ஜாக்கிரதையா போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர்கள் லாரியில் ஏறிப் போனார்கள். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. மார்லிஸின் போன் அடித்தது.

"முதுகு பிடிச்சுக்கிச்சு அண்ணி. அசைய முடியல."

"முதுகா? நேத்து சர்ச் விருந்துல பூயா கறிக்குழம்பு அண்டாவ நீதானடா தனியா தூக்குன?"

அவன் போனை வைத்துவிட்டான்.

"இப்ப என்னடி பண்றது?" என்றேன். "இவர இறக்கணும்னா ரெண்டு ஆம்பள வேணும். அவனுங்களும் போயிட்டானுங்க."

மார்லிஸ் துறையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு ஈ காக்கை இல்லை. அந்த நேரம் பார்த்து எஞ்சின் உறுமியது. கிளெம் இடது கையை நீட்டிச் சாவியைத் திருப்பியிருந்தார். எங்களைப் பார்க்காமல் துறையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெர்னா, கயித்த அவுறு" என்றாள் மார்லிஸ்.

"உனக்குப் பைத்தியமா? உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"நாப்பத்தஞ்சு பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு பனியில பஸ் ஓட்றேன்டி."

"பஸ்ஸுக்கு பிரேக் இருக்கு. இதுக்கு எங்க இருக்கு?"

"அத அவன் காட்டுவான். ஏறு."

ஏறினேன். இன்றுவரை ஏன் ஏறினேன் என்று எனக்குத் தெரியாது.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்வரை நன்றாகவே போயிற்று. கிளெம் இடது கையால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டினார்; மார்லிஸ் திருப்பினாள். அரை மணி போனதும் உள்ளங்கையைக் கீழே அழுத்தினார். வேகத்தைக் குறைத்தாள். ஆள் நடக்கும் வேகத்துக்குப் படகு வந்ததும் தலையசைத்தார்.

இந்த மீன்பிடிப்பில் படகு நிற்கவே கூடாது. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஈயக்குண்டு, தேங்காய் அளவு, எஃகுக் கம்பியில் தொங்கும். கரண்டிபோல வளைந்த மினுமினுப்புத் தகடுதான் தூண்டில். தூண்டில் தடியிலிருந்து அதற்கு வரும் நரம்பைக் குண்டோடு ஒரு கிளிப்பில் மாட்டி ஆழத்துக்கு இறக்கிவிட்டு, மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு இவ்வளவையும் கிளெம் விரலாலும் புருவத்தாலும் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நான் தகட்டைத் தலைகீழாக மாட்டினேன். மார்லிஸ் கிளிப்பில் நரம்பை மாட்டாமலேயே குண்டை இறக்கினாள். "திங்கட்கிழமை" என்று அவர் கத்தினார். மறுபடி ஏற்றினோம். இரண்டு தடியும் ஒழுங்காக வளைந்து நிற்க முக்கால் மணி ஆயிற்று. அதற்குள் மார்லிஸ் ஒருமுறை ஓரத்தில் குனிந்து வாந்தியெடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

கிளெமின் முகம் அப்போது நன்றாக இருந்தது. மார்ச்சுக்கு அப்புறம் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

வடக்கே போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று கிளெம், "திங்கட்கிழமை" என்றார். முன்னால் இருந்த சின்னத் திரையைக் காட்டினார். அதில் என்னென்னவோ எண்கள்.

"என்னங்க, தண்ணி வேணுமா?" என்றேன்.

"திங்கட்கிழமை! திங்கட்கிழமை!"

"ஒண்ணுக்கு வருதா கிளெம்?" என்று மார்லிஸ் பாட்டிலை எடுத்தாள். அவர் பாட்டிலைத் தட்டிவிட்டார். அது உருண்டு போயிற்று. திரையை உள்ளங்கையால் அறைந்தார். பின்பக்கத்தைக் காட்டினார். கையை மேலே மேலே தூக்கினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. மறுபடி பக்கவாதம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"கோவப்படாதப்பா, கோவப்படாத" என்று மார்லிஸ் அவர் தோளைத் தடவினாள். அவர் அந்தக் கையையும் உதறினார்.

அவர் சொல்ல வந்தது இதுதான்: அடியில் பாறைத்திட்டு, ஆழம் குறைகிறது, குண்டை மேலே ஏற்று. அது எங்களுக்குப் புரிந்தது, வலப்பக்கக் குண்டு பாறையில் போய்ச் செருகியபோதுதான்.

படகு குலுங்கி நின்றது. கம்பி விண்ணென்று இழுத்தது. பின்பக்கம் அப்படியே தாழ்ந்து, ஒரு அலை உள்ளே வந்து என் முழங்கால்வரை நனைத்தது. அந்த ஏரித் தண்ணீர் ஆகஸ்டிலும் ஐஸ்தான். மார்லிஸ் பதறி, பேருந்தில் செய்வதுபோல வண்டியைப் பின்னுக்குப் போட்டாள். அந்தப் பக்கத்துத் தூண்டில் நரம்பு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இரண்டு இருமல். எஞ்சின் நின்றுவிட்டது.

இரண்டாவது அலையும் உள்ளே வந்தது.

"கிளெம், என்ன பண்ணட்டும்? சொல்லு. ஏதாவது சொல்லு!"

அவருக்குச் சொல்லத் தெரியும். முப்பது வருடமாகத் தெரியும். வாய் கோணி, எச்சில் வழிய, அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் நிறுத்திவிட்டு, இடது கையின் இரண்டு விரலைக் கத்தரிபோல ஆட்டினார். அதை முதலில் பார்த்தது நான்தான்.

"வெட்டு! கம்பிய வெட்டச் சொல்றாரு!"

வெட்டுக்குறடு படகின் பின்பக்கப் பலகையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மார்லிஸ் தண்ணீருக்குள் முட்டிபோட்டு, இரண்டு கையாலும் நெரித்தாள். மூன்றாவது நெரிப்பில் கம்பி அறுந்தது. படகின் பின்பக்கம் துள்ளி எழுந்தது.

மூச்சுவிடக்கூட நேரமில்லை. இடப்பக்கத் தடி நிமிர்ந்து, உடனே தண்ணீரைத் தொடுமளவுக்கு வளைந்தது. நரம்பு கிர்ரென்று ஓடியது. மீன் மாட்டிவிட்டது.

"ஐயோ, இப்பவா?" என்றாள் மார்லிஸ்.

கிளெம் இடது கையை நீட்டினார். தடியை எடுத்து அவர் தொடைகளுக்கு நடுவில் ஊன்றிப் பிடிக்கவைத்தோம். ஆனால் சுற்றும் கைப்பிடி வலது பக்கம் இருக்கிறது. அவருடைய வலது கை மடியில் செத்துக் கிடக்கிறது. மார்லிஸ் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்தாள். அவர் தடியைத் தூக்கித் தாழ்த்துவார், தாழ்த்தும்போது அவள் சுற்றுவாள். முதலில் மாறிப்போயிற்று. அவர் தோளால் அவளை இடித்தார். பத்து நிமிடத்தில் இடிக்காமலே சரியாக வந்தது. அரை மணி நேரம் இப்படியே இழுத்தார்கள்.

மீன் பக்கத்தில் வந்தது. பெரிய சால்மன், என் கை நீளம், வெள்ளிப் பாளம்போலப் புரண்டது. வலை என் கையில். கிளெம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எட்டி வீசினேன். வலையின் விளிம்பு நரம்பில் பட்டது. தகடு தெறித்து வந்து படகில் மோதியது. மீன் ஒரு கணம் அங்கேயே நின்றது, அப்புறம் கீழே போயிற்று.

"மன்னிச்சிருங்க கிளெம்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தடியைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைபோல வாய்விட்டு அழுதார். மார்லிஸ் ஈரக் கையால் அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

ரேடியோவில் உதவி கேட்டோம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டான் ஒருவன். அவள் திரையில் கண்ட எண்களையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தாள்.

"அம்மா, அது தண்ணியோட சூடு" என்றான் அவன். "அடுத்த வரியப் படிங்க."

ஆள் வரும்வரை ஒன்றேகால் மணி நேரம் அலையில் மிதந்தோம். கிளெம் களைத்துத் தூங்கிவிட்டார். மார்லிஸ் அவர் மேல் தன் கோட்டைப் போர்த்தினாள்.

"முப்பத்து நாலு வருஷம்டி" என்றாள் மெதுவாக. "ஒரு நாள் கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பான். எந்த இடத்துல பாறை, எந்த இடத்துல மீனுன்னு. எனக்கு மீன் நாத்தம்தான் பெருசா தெரிஞ்சுது. இப்ப கேக்குறேன், அவனால முடியல."

பையில் இருந்த ஹாம் சாண்ட்விச்சை நீட்டினேன். வேண்டாம் என்றாள்.

வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கப் போன ஒரு பெரிய படகுதான் எங்களைக் கட்டி இழுத்து வந்தது. அதில் இருந்த ஒருவன் எங்களைப் போட்டோ எடுத்தான். துறையில் யூஜின் நின்றுகொண்டிருந்தான். ரேடியோவில் கேட்டிருக்கிறான். முதுகில் ஒன்றுமில்லை என்பது அவன் குதித்து ஏறிய விதத்திலேயே தெரிந்தது.

"அண்ணி, என்னால அவன அப்படிப் பாக்க முடியல. சத்தியமா முடியல."

"எனக்கு மட்டும் முடியுதா?" என்றாள் மார்லிஸ்.

யூஜின் அண்ணனைத் தனியாளாகத் தூக்கினான். கார் நின்ற இடம்வரை கிளெம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே போனார்.

மறுநாள் யூஜின் படகை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுவந்து, விசிறியில் சுற்றிய நரம்பைப் பிரிக்க உட்கார்ந்தான். மார்லிஸ் ஜன்னலைப் பார்த்திருந்த கிளெமின் நாற்காலியை வாசலுக்குத் தள்ளிவந்து, படகுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மூன்று மணி நேரம் அவன் வேலை செய்தான். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் மார்லிஸ் இரண்டு தட்டில் சோளமும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். யூஜின் கையைத் துடைத்துக்கொண்டு, தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அண்ணனுக்கு ஊட்டினான்.