அப்பாவும் நான் வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரும்

அப்பா போய் ஓராண்டு முடிகிறது. நினைவு மலரைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது தங்கள் படம் வந்திருக்கிறதா என்பதைத்தான். நானும் அப்படித்தான். படங்கள் நடுப்பக்கத்தில் இருக்கின்றன. பார்த்துவிட்டுத் தயவுசெய்து இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள்.

லைன்மேன் சேவியர் கரண்டை நிறுத்தியதால்தான் அப்பா மூச்சுத் திணறினார், அதிலிருந்துதான் அப்பா தேறவில்லை என்று நம் குடும்பத்தில் ஓராண்டாக ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையல்ல. நடந்தது இன்னதென்று அறிந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, சேவியர், நான். அம்மாவிடம் 'இப்போது வேண்டாம்' என்று சொல்லிச் சொல்லியே ஓராண்டை ஓட்டினேன். சேவியர் தானாக வாய் திறக்கிற ஆள் இல்லை. ஆகவே குற்றவாளியே எழுதும்படி ஆகிவிட்டது. முறைப்படி அப்பாவின் பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் தள்ளிப்போட அதுவும் ஒரு வழி.

அப்பா ஏரலுக்குப் பக்கத்தில், தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளையும் ஒரு சிற்றூரில் பிறந்தார். ஐந்து ஆண்மக்களில் கடைசி. வயலைப் பங்கு போட்டால் அப்பாவுக்கு வரப்புதான் மிஞ்சும் என்பதால் தூத்துக்குடிக்கு அனுப்பப்பட்டார். அப்போது நகரத்துக்கு மின்சாரம் கொடுத்தது ஒரு தனியார் கம்பெனி. டீசல் எஞ்சின்களை உறுமவிட்டு, துறைமுகத்துக்கும் சில கடைத்தெருக்களுக்கும் விளக்கெரித்தார்கள். அப்பாவுக்கு நடந்த நேர்முகத் தேர்வு, ஓர் ஏணியை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது. மேலே ஏறிய என்ஜினியர் இறங்க மறந்து வேலையில் மூழ்கிவிட்டாராம். அப்பா அசையவில்லை. ஹெல்பர் வேலை கிடைத்தது.

பிறகு கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகை மாறியது. அதை மாட்டிய ஏணி பழைய ஏணிதான். ஏணியைப் பிடித்தவரும் அப்பாதான். கடைசி வரை அவர் வாயில் அது 'கம்பெனி'தான். மின்தடை வந்தால் அரசைத் திட்டுகிறவர்களைப் பார்த்து, "கம்பெனியைப் பத்திப் பேசாதீய" என்பார். எதிரில் இருப்பவர்கள் விழிப்பார்கள்.

ஹெல்பராகி, வயர்மேனாகி, லைன்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராகி, போர்மேனாக ஓய்வு பெற்றார். நம் ஊர்க் கம்பிகளுக்கு இடியைவிடப் பெரிய எதிரி உப்பு. உப்பளக் காற்றில் பறந்து வருவது, கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் படிந்துகொள்ளும். விடியற்காலைப் பனி அதை நனைத்ததும் பட்டாசு வெடிப்பதுபோல் வெடித்து, பகுதி முழுவதும் இருண்டுவிடும். அதற்காகவே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பீங்கான்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார்கள். துடைத்தேன் என்று யார் சொன்னாலும் அப்பா ஏறிப் பார்ப்பார். பீங்கானில் விரலைத் தேய்த்து நாக்கில் வைப்பார். கரித்தால் மறுபடியும் துடைக்க வேண்டும். அம்மா சொல்வார்: "கம்பத்து உப்பை ருசி பாத்துட்டு வந்து என் கொழம்புல உப்பு இல்லைன்னு சொல்லுதாரு. இவருக்கு நான் எந்தக் கடல்ல போய் அள்ளிட்டு வர?"

அவரிடம் வேலை பழகியவர்களுக்கு ஒரே பாடம்தான். "ஆஃப் பண்ணியாச்சுன்னு யாரு சொன்னாலும் நம்பாத. நானே சொன்னாலும் நம்பாத. டெஸ்ட் லாம்ப் வச்சுப் பாரு, எர்த் ராடு போடு, பொறவு கையை வையி." எர்த் ராடு என்பது கம்பிகளைத் தரையோடு பிணைக்கிற கோல். யாராவது தவறுதலாக மின்சாரம் விட்டாலும் கம்பத்தில் இருக்கிற ஆளைத் தொடாமல் அது மண்ணுக்குப் போய்விடும். வீட்டிலும் இதே சட்டம். மிக்சியைக் கழுவப் போகும் அம்மா பிளக்கைக் கழற்றி அப்பாவிடம் தூக்கிக் காட்ட வேண்டும். அப்பா தலையசைத்த பிறகுதான் தண்ணீர்க் குழாய் திறக்கும்.

இப்படிப்பட்டவருக்கு நான் மகன். கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுவது என் உத்தியோகம். மின்னியல் நூல்கள் அத்தனையையும் என் கையால்தான் அடுக்கினேன். ஒன்றையும் திறந்ததில்லை.

சேவியர் மணப்பாட்டுக்காரர். கடலோடிக் குடும்பம். படகில் ஏறினால் குமட்டுகிறது என்பதால் கம்பத்தில் ஏற வந்தவர். அப்பாவிடம் ஹெல்பராக இருந்து, இன்று எங்கள் பகுதிக்கு லைன்மேன்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு நுரையீரல் முற்றிலும் தளர்ந்துவிட்டது. கட்டில் அருகே ஆக்சிஜன் எந்திரம் வைத்தோம். மாதாந்திரப் பராமரிப்புக்கு முந்தின நாள் சேவியர் வீட்டுக்கே வந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் சப்ளை இருக்காது. ஐயாவுக்கு சிலிண்டர் சொல்லிருங்க."

"அதெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு சேவியர்" என்றேன்.

"என்ன ஏற்பாடு?"

"பண்ணியாச்சு."

பந்தல் கடையில் ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருந்தேன். அதை வீட்டோடு இணைக்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அப்பா அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார் என்று, கைபேசியில் ஒரு காணொளி பார்த்து நானே ஒரு கம்பி தயாரித்தேன். இரண்டு முனையிலும் பிளக். ஒன்று ஜெனரேட்டரில், இன்னொன்று வீட்டுச் சுவரில். வீடு முழுவதும் எரியும். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று அந்தக் காணொளியின் முற்பகுதியில் சொன்னார்களாம். நான் பிற்பகுதியிலிருந்து பார்த்தேன்.

காலையில் மின்சாரம் நின்றது. பின்கட்டில் ஜெனரேட்டரை ஓட்டினேன். ஆக்சிஜன் எந்திரம் முணுமுணுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவிடம், "பாத்தியளா?" என்றேன். ஜெனரேட்டர் மட்டும் பிரசவ வலி கண்டதுபோல் முனகியது.

அப்போது எதிர்வீட்டு மதினி வாசலில் நின்று தெருவுக்கே அறிவித்தார்: "ஏளா, கரண்டு வந்துட்டு. மெள்ளத்தான் சுத்துது, ஆனா வந்துட்டு."

அப்பா கண்ணைத் திறந்தார். எதிர்வீட்டுச் சன்னல் வழியே தெரிந்த மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சுவரில் நான் செருகியிருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நூலகத்தில் தவறான அலமாரியில் புத்தகத்தை வைத்தவனை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

மூக்கிலிருந்த குழாயைத் தானே கழற்றினார். "மெயினை ஆஃப் பண்ணலையாலே?"

"மெயினா?"

"தெருவுக்கே கரண்டு விட்டுட்டு இருக்க. சேவியரு கம்பத்துல இருக்கான்."

நான் பாய்ந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடித்தேன். கட்டிலடியில் கிடந்த செருப்பு என் தோளில் வந்து விழுந்தது. நோய்ப்படுக்கையில் எறிந்தாலும் குறி தப்பவில்லை. "அதைப் புடுங்காத. புடுங்குனா அந்த முனையில நீ செத்துருவ. எஞ்சினை நிப்பாட்டு மொதல்ல."

நிறுத்தினேன். தெரு அமைதியானது. மதினி ஏமாற்றத்தோடு, "போயிட்டு" என்றார்.

"ஓடு. சேவியர்ட்ட ஓன் வாயால சொல்லு. அவன் வந்து பாத்து, சரின்னு சொன்ன பொறவுதான் எஞ்சினைத் தொடணும்."

"அப்பா, ஒங்களுக்கு மூச்சு..."

"இருக்குத மூச்சை நான் பாத்துக்கிடுதேன். நீ ஓடு."

ஓடினேன். ஐம்பது வயதில் வேட்டியோடு தெருவில் ஓடுகிறவனை நாய்கள் நம்புவதில்லை. இரண்டு கூடவே வந்தன. தெருமுனைக் கம்பத்தில் சேவியர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். கம்பியில் கை வைக்கவில்லை. கையில் டெஸ்ட் லாம்ப்.

"எறங்குங்க சேவியர், கரண்டு வருது" என்று கத்தினேன்.

"தெரியும் அண்ணாச்சி. டிரான்ஸ்பார்மர்ல பீஸை நான்தான் உருவுனேன். பெறவும் லாம்ப் மின்னுச்சு. எவன் வீட்டு ஜெனரேட்டர்னுதான் யோசிச்சுட்டு நிக்கேன்." பிறகு நாய்களையும் என் முகத்தையும் பார்த்தார். "ஒங்க வீட்டை மட்டும் நெனைக்கவே இல்ல. போர்மேன் வீடாச்சே."

அவர் வந்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். என் கம்பியைச் சுருட்டி, குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல் எடுத்து வைத்துக்கொண்டார். நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை ஜெனரேட்டரிலிருந்து நேரே ஆக்சிஜன் எந்திரத்துக்கு இழுத்தார். இரண்டு நிமிட வேலை. "நேத்துக் கேட்டேன்லா அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்பா வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு அவரைக் கேட்டார்: "லாம்ப் வச்சுப் பாத்தியாலே?"

"பாத்தேன் ஐயா."

"எர்த் ராடு?"

"போடப் போனேன், அதுக்குள்ள அண்ணாச்சி ஓடி வந்துட்டாவ."

"போய்ப் போடு" என்றார் அப்பா. அதன் பிறகுதான் குழாயை மூக்கில் வைக்கவிட்டார்.

அந்த அரைமணி நேரத்தின் நடுவில்தான் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அத்தை நலம் விசாரிக்க வந்து இறங்கினார். அவர் கண்டது மூன்று விஷயங்கள். தம் அண்ணன் மூச்சுத் திணறுகிறார். எந்திரம் ஓடவில்லை. மெயின் சுவிட்ச் அருகே கட்டிங் பிளேயரோடு ஒரு லைன்மேன் நிற்கிறார். இதிலிருந்து அத்தை எடுத்த முடிவை யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். அத்தையை நான் குறை சொல்லவில்லை. அவர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்த என்னைத்தான் சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா அமைதியாகப் பிரிந்தார். நுரையீரல் அதற்கு மேல் தாங்காது என்று மருத்துவர் ஜெனரேட்டர் வருவதற்கு முன்பே சொல்லியிருந்தார். அந்த அரைமணி நேரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பிறகும் சொன்னார். நான் அதை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். உங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

இறுதிச் சடங்கு அன்று சேவியர் மாலையோடு வந்தார். அம்மாவின் தங்கை கணவரான சித்தப்பா வாசலிலேயே மறித்து, "நீங்க செஞ்சது போதும். மாலையை அங்கன வச்சுட்டுப் போங்க" என்றார். சேவியர் மாலையைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு, அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குக் கேட்டது. நான் அப்போது ஒரு மின்விசிறியின் திசையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

சென்ற வாரம், இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு சேவியர் வீட்டுக்குப் போனேன். முழுவதும் படித்தார்.

"இதைப் போட்டா ஒங்க அத்தை ஒங்களை வீட்டுக்குள்ள விடமாட்டாவளே அண்ணாச்சி" என்றார்.

"விடாட்டிப் போகட்டும். நினைவு நாளன்னைக்கு நீங்க சாப்பிட வரணும்."

நாட்காட்டியைப் பார்த்தார். "அன்னைக்கு ஒங்க பகுதியில பராமரிப்புலா. நான் மேல இருப்பேன்."

அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், நான் ஓடிய தெருவின் அத்தனை வீடுகளுக்கும், கேள்வி கேட்காமல் ஜெனரேட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்ட பந்தல் கடைக்காரருக்கும், ஓராண்டு பொறுத்திருந்த அம்மாவுக்கும் நன்றி. சேவியருக்கு நன்றி என்ற சொல் போதாது. அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். சித்தப்பாவும் அத்தையும் கேட்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களை அப்படி நம்பவிட்டவன் நான் என்பதால், வேண்டுமானால் முதலில் என்னைத் திட்டிவிட்டுக் கேட்கலாம்.

இந்த மலர் உங்கள் கையில் இருக்கும் இந்த நேரத்தில் மின்சாரம் இருக்காது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஓர் ஓலை விசிறி வைத்திருக்கிறோம். சமையல் முடிந்துவிட்டது, மணமும் உங்களுக்கு வந்திருக்கும். ஆனாலும் பந்தி சாயங்காலம்தான். சேவியர் கம்பத்திலிருந்து இறங்கி, கை கழுவி, முதல் இலையில் உட்கார்ந்த பிறகு பரிமாறுவோம். அதுவரை உறவினர்கள் அனைவரும் பசி பொறுத்தருள வேண்டுகிறேன்.