தகர முதலை

புரோத்ராபூர் பூங்காவில் தகரத்தால் செய்த பெரிய முதலை ஒன்று இருக்கிறது. வால் வழியாக ஏறினால் வாய் வழியாகச் சறுக்கி வெளியே வரலாம். என் மூத்தவள் கயல் உள்ளே போனாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாயருகே நின்றேன். வெளியில் நின்ற பிள்ளைகள் முதலையின் முதுகைத் தடதடவென்று தட்டினார்கள்.

அம்மாவின் மண்ணெண்ணெய் டின்னும் இப்படித்தான் சத்தம் போடும். சின்ன வயதில், மாயாபந்தரில் நாங்கள் பள்ளிக்கூடம் போக ஒரு நாலாவைத் தாண்ட வேண்டும். சேறு நாறும் அந்த ஓடையில் முதலை உண்டு. அம்மா கரையில் நின்று கரண்டியால் டின்னை அடிப்பாள், முதலை விலகிப் போகட்டும் என்று. "இப்ப எறங்குங்க, ஜல்தி ஜல்தி!" என்று கத்துவாள். முதலையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தச் சத்தத்துக்குத்தான் என் கால் நடுங்கும்.

கயல் இன்னும் வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தேன், முதலையின் வாய்க்குள் ஒரே இருட்டு. குழந்தையை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, மறு கையால் தகரத்தை ஓங்கி ஓங்கி அறைந்தேன்.

"கயல்! ஜல்தி வா!"

உள்ளேயிருந்து அழுகைக் குரல் கேட்டது.

"நீ தட்டாதம்மா. பயமா இருக்கு."