மரத்தடியில் பொறுக்கிய முருங்கைக்காய்

"அக்கா, எளசான காய்லா, எடுத்துக்கங்க" என்று புந்தோங் பசாரில் கடைக்காரர் முருங்கைக்காய்க் கட்டை நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா வைத்த அந்தச் சாம்பார்!

நான் சிறுமியாக இருந்தபோது அப்பா தைப்பிங்குக்கு அப்பால், கடலோரச் சேற்றுக்காட்டில் கரிச்சூளைக்காகப் பாக்காவ் என்னும் அலையாத்தி மரம் வெட்டினார். எல்லாவற்றையும் வெட்டக்கூடாது. விதை விழவும் கொக்கு கூடு கட்டவும் அங்கங்கே ஒரு பெரிய மரத்தை விட்டுவைக்க வேண்டும்.

ஊரிலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்த அம்மா, அவருக்குச் சோறு கொண்டுபோன இடத்தில், அப்படி விட்ட மரத்தடியில் நீளநீளமாகப் பச்சைக் காய்கள் கிடப்பதைப் பார்த்தாள். முருங்கைக்காய் என்று நினைத்து மடி நிறையப் பொறுக்கி வந்து, பாதியைச் சாம்பாரில் போட்டாள். ஒரே துவர்ப்பு. நான் துப்பிவிட்டேன்.

அப்பா தட்டைப் பார்த்துப் பதறினார். "இது காயில்ல புள்ள, மரத்துலயே மொளவிட்டு விழுற கன்னு! இது வேர் புடிக்கணும்னுதானே அந்த மரத்த வெட்டாம விட்டிருக்கோம்!"

அம்மா மிச்சத்தை முந்தானையில் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துப் போனாள். முழங்கால் சேற்றில் நின்று, மரம் வெட்டிய இடத்தில் ஒவ்வொன்றாக ஊன்றினாள். "தெரியாம செஞ்சிட்டேன், பொழச்சுக்கங்க" என்று அவற்றிடம் சொன்னாள்.

பிழைத்துக்கொண்டன. நான் கல்யாணமாகிப் புறப்பட்டபோது அவை என்னைவிட உயரம்.

என் வீட்டு அடுப்புக்கு இன்றும் அந்தக் காட்டுக் கரிதான் வருகிறது. அம்மா ஊன்றிய மரமும் அதில் இருக்கலாம். முருங்கைக்காய்ச் சாம்பார் வைக்கிற நாளில் மட்டும், ஒரு கரித்துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அடுப்பை மூட்டுவேன்.