செவ்தா ஊற்றிய தண்ணீர்

ரோடோப் மலைச்சாலை எங்கள் ஊருக்குள் திரும்புகிற முதல் வளைவிலேயே செவ்தா கெஹாயோவாவின் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகையில் மேலே அவள் பெயர், அதற்குக் கீழே கணவன் மனோலின் பெயர். இந்த வரிசைக்காக அந்த வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை நடந்தது. "வண்டிக்கு உடம்பு உன்னுது, மூளை என்னுது. மூளை மேலதானேய்யா இருக்கும்?" என்று கேட்டுக் கேட்டே அவள் ஜெயித்தாள். அடக்கத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

ஆனால் பெருமை பேச அவளுக்கு உரிமை உண்டு, அதை நான் யாரிடமும் சொல்வேன். இளமையெல்லாம் தையல் ஆலையில் கழித்தவள். மெஷின் நின்றால் பழுதுபார்ப்பவன் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பொறுக்காமல், தானே கழற்றித் தானே பூட்டுவாள். ஆலை மூடியதும் கணவனின் பட்டறையைக் கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே வண்டியின் கோளாறைத் திரையில் காட்டுகிற ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொண்டு, "இனிமே வண்டி பேசும், நான் கேப்பேன்" என்றாள். ஊரே வாய்விட்டுச் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாம் இப்போது அவள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, காபிக் கோப்பையோடு முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

மனோல் பழைய லாடா கார் காலத்து ஆள். அவன் கைவைத்த வண்டியில் ஸ்டியரிங் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். அந்தப் பெயரை அவனும் சட்டைப்பையில் சீப்பு மாதிரி எப்போதும் வைத்துக்கொண்டு திரிவான்.

இந்த ஜனவரியில் அவன் தம்பி வென்கோவின் வண்டி, மலையிலிருந்து உருண்டு விழுந்த பாறையில் மோதி வந்து சேர்ந்தது. மேல்கிராமத்திலிருந்து மூன்று நோயாளிகளை டயாலிசிஸுக்காக நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற வண்டி அது. நான்கு சக்கரமும் இழுக்கும். பனிக்காலத்தில் அந்த மேட்டில் ஏறக்கூடிய வண்டி வேறு கிடையாது. மூன்று நோயாளிகளில் ஒருத்தி செவ்தாவின் அக்கா சோர்கா.

ஸ்டியரிங் பாக்ஸ் உடைந்திருந்தது. மனோல் வேறு பாக்ஸ் மாட்டி, ஓட்டிப் பார்த்து, சாவியைத் தம்பியிடம் தூக்கிப் போட்டான். "பாருடா, எப்படி நிக்குதுன்னு. கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்."

"கண்ண மூடிட்டு நீ ஓட்டுண்ணே, எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டு வென்கோ கிளம்பினான்.

அடுத்த நடையிலேயே மானம் போனது. வழியில் வழுக்கல் கட்டுப்பாட்டு விளக்கு மஞ்சளாக எரிந்து, அணையாமல் நின்றுவிட்டது. அந்த வண்டியில் அது எரிந்தால் பின்சக்கரங்களுக்குப் போகிற இழுவையும் நின்றுபோகும். சோர்காவின் வீடு சாலைக்குக் கீழே, செங்குத்துச் சரிவின் அடியில் இருக்கிறது. இறங்கிய வண்டி ஏற மறுத்து, முன்சக்கரங்கள் பனியை அரைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தது. சோர்கா இறங்கி, டயாலிசிஸ் ஊசி ஏறுகிற கையைத் துணியில் தொங்கவிட்டபடி, மேலே சாலைவரை நடந்தாள். அக்கம்பக்கத்தார் வண்டியைத் தள்ளி ஏற்றினார்கள்.

தாமதமாகப் போய்ச் சேர்ந்த வண்டியையும் அதன் மஞ்சள் விளக்கையும் மருத்துவமனை மேலாளர் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமையும் இதே விளக்கோடு வந்தால், பனி கரையும்வரை மூவரும் நகரத்து விடுதியிலேயே தங்கிக்கொள்ள வேண்டும் என்றார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, அவர் கவலை அவருக்கு. ஆனால் சோர்காவுக்கு ஆடுகள் இருக்கின்றன, அடுப்பு இருக்கிறது, புருஷனைப் புதைத்த இடம் வேலிக்கு அப்பால் இருக்கிறது.

அன்றைக்கே சோர்காவின் போன் வந்தது. "செவ்தா, என்னை அந்த விடுதியில கொண்டுபோய்ப் போட்டா வசந்தத்துக்கு நான் திரும்பி வர மாட்டேன்டி. எனக்குத் தெரியும்."

"வாயக் கழுவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் கட்டில்லதான் நீ தூங்குவ. சொல்றது யாரு? செவ்தா."

சொல்லிவிட்டாள். போனை வைத்த கையோடு வென்கோவைக் கூப்பிட்டு வண்டியைக் கொண்டுவரச் சொன்னாள்.

வண்டி மறுபடி பட்டறைக்கு வந்தது. மனோல் குனிந்துகூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னான். "டயருதான். நாலுல ஒண்ணு தேஞ்சிருந்தாலும் இந்த மாதிரி வண்டி குழம்பும்."

அது நியாயமான சந்தேகம்தான். செவ்தா நான்கு டயரையும் அளந்தாள். நான்கும் ஒரே சீர். பிறகு நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் பார்த்தாள், அதுவும் ஒன்றுபோல் ஓடியது. ஸ்கேனரில் கோளாறுக் குறிப்பை அழித்தால் விளக்கு அணைந்தது. ஓட்டிவிட்டு வந்தால் திரும்ப எரிந்தது.

"சக்கரத்து சென்சார் எதையாவது மாத்திப் பாப்போமா அண்ணி?" என்றான் வென்கோ.

"மாத்திப் பாக்க நான் என்ன ஜோசியக்காரியா? ஒழுங்கா சொல்லுப்பா, விளக்கு எங்க எரியுது? வளைவுலயா?"

வென்கோ தாடையைச் சொறிந்தான். "அதான் அண்ணி வேடிக்கை. வளைவுல சமத்தா இருக்கு. அணைக்கட்டுப் பக்கம் நேர் ரோடு வருதுல்ல, அங்கதான் எரியும்."

செவ்தா அப்படியே நின்றுவிட்டாள். வழுக்குகிற வண்டி வளைவிலல்லவா பதற வேண்டும்? நேர்ச் சாலையில் எதைப் பார்த்துப் பயப்படுகிறது?

"ஏறுங்க ரெண்டு பேரும்" என்றாள்.

வென்கோ ஓட்ட, மனோல் பின்னால் உட்கார, செவ்தா ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டாள். அணைக்கட்டை ஒட்டிய சாலை ஒரு வளைவும் இல்லாமல் கிடந்தது. ஸ்டியரிங் நேராக இருந்தது, வண்டியும் நேராகப் போனது. திரையில் மட்டும் ஸ்டியரிங் பத்து டிகிரி இடப்பக்கம் திரும்பியிருப்பதாக எண் நின்றது, அசையவே இல்லை. வண்டியின் மூளை பாவம் என்ன செய்யும்? ஓட்டுகிறவன் இடப்பக்கம் திருப்புகிறான், வண்டியோ திரும்பாமல் நேராக வழுக்கிக்கொண்டு போகிறது என்று எண்ணி, கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, மஞ்சள் விளக்கை ஏற்றிக் கையை விரித்துவிட்டது.

அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. புதுப் பாக்ஸ் மாட்டியதும் ஸ்டியரிங் கொஞ்சம் கோணலாக நின்றிருக்கும். கீழே போய், சக்கரங்களை ஸ்டியரிங்கோடு இணைக்கிற டை ராடுகளைத் திருகி முன்சக்கரங்களைச் சரிசெய்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, லாடா காலத்துப் பழக்கத்தில், ஸ்டியரிங்கையே உருவி, அது உட்காருகிற தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார்கள். லாடாவுக்கு அது போதும், அதற்குக் கண்ணா மூக்கா? இந்த வண்டியிலோ தண்டின் திருப்பத்தை உள்ளே ஒரு சென்சார் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கைக் கழற்றியது யார் என்று அவள் கேட்கத் தேவையில்லை.

"என்ன அண்ணி, கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றான் வென்கோ.

ஊரையே வாயால் அளக்கிற செவ்தா ஸ்கேனரின் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். வென்கோ காதில் விழுந்தால் நாளைக்கே மதுக்கடையில் மனோலின் பெயர் கந்தலாகிவிடும். ஏதோ கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லி மூடிவிடலாமா என்று யோசித்தாள்.

பின்னாலிருந்து மனோல் எட்டித் திரையைப் பார்த்தான். அந்த எண்ணைப் பார்த்தான், நேராக நிற்கிற ஸ்டியரிங்கைப் பார்த்தான். அவன் காது சிவந்தது.

"அவ சொல்ல மாட்டா, நான் சொல்றேன்" என்றான். "நான்தான்டா. கோணலா இருந்துச்சு, உருவி ஒரு பல்லு தள்ளிப் போட்டேன். லாடா மாதிரி நினைச்சுட்டேன்."

"அடப்பாவி அண்ணே! டயரு டயருன்னு என்னா அடிச்சுவிட்ட!"

"சொன்னேன்தான். இப்ப தப்புங்கறேன். போய் ஊர் பூராவும் சொல்லு. ஆனா கண்டுபிடிச்சது யாருன்னும் சேர்த்துச் சொல்லு."

செவ்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபது வண்டியைச் சரிசெய்திருந்தாலும் அவளுக்கு அப்படிப் பூரித்திருக்காது. பெயர்ப்பலகைக்காக அத்தனை சண்டை போட்ட மனுஷன் இவன்தானா என்றிருந்தது. "சரி சரி, வண்டியத் திருப்பு. இங்க உக்காந்து அழறதுக்கா வந்தோம்?" என்று மட்டும் சொன்னாள்.

பட்டறையில் மனோல் ஸ்டியரிங்கைப் பழைய பல்லுக்கே கொண்டுவந்தான். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, அவள் மேலிருந்து எண்களைச் சொல்லச் சொல்ல, டை ராடுகளைத் திருகிச் சக்கரங்களை நேராக்கினான். எல்லாம் பொருந்தியதும், இதுதான் நேர் என்று ஸ்கேனர் வழியாக அவள் சென்சாருக்கு அறிவித்தாள். எண் சுழியத்தில் வந்து உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவளும் வென்கோவோடு ஏறிக்கொண்டாள். நேர்ச் சாலையில் விளக்கு எரியவில்லை. சரிவில் இறங்கிச் சோர்காவின் முற்றத்தில் நின்றார்கள்.

கதவோரம் பெரிய பை ஒன்று கட்டி வைத்திருந்தது. தொழுவம் காலியாக இருந்தது, ஆடுகளை அண்டை வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். சோர்கா கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு, அடுப்பு அணைந்த வீட்டில் நின்றாள்.

"என்னக்கா இது?"

"உன் வாய்ச்சவடால நம்பிக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா? போன தடவை பனியில நடந்து ஏறினது நான்டி, நீ இல்ல."

செவ்தாவுக்குச் சுருக்கென்று தைத்தது. சுவரில் மாட்டியிருந்த செம்பு வாளியை எடுத்து, குழாயில் நிரப்பிக்கொண்டு வெளியே வந்தாள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர் முன்னால் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம், போகிற காரியம் தண்ணீர் மாதிரி தடையில்லாமல் ஓடட்டும் என்று. ஆனால் மூச்சே உறைகிற குளிரில், செங்குத்துச் சரிவில், வண்டியின் சக்கரத்துக்கு முன்னால் யாரும் ஊற்ற மாட்டார்கள். செவ்தா ஊற்றினாள். ஒரு வாளி முடிந்ததும் இன்னொரு வாளி கொண்டுவந்தாள்.

"அண்ணி! பைத்தியமா உங்களுக்கு? கண்ணாடி மாதிரி உறைஞ்சிரும்!"

"உறையட்டும். அதுக்குத்தான் ஊத்தறேன். அடுப்பை மூட்டு, காபி குடிச்சிட்டு வருவோம்."

காபி குடித்து வருவதற்குள் சரிவு பளபளத்தது. செவ்தா வண்டியை விட்டு விலகிக் கைகளைக் கட்டிக்கொண்டாள். "மெதுவா அழுத்து. விளக்கு மினுக்கினா பயப்படாத, அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். நின்னு எரிஞ்சாத்தான் கோளாறு."

வென்கோ சிலுவை போட்டுக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினான். ஒரு முன்சக்கரம் பனிக்கட்டியில் வழுக்கிச் சுழன்றது. விளக்கு மினுக்கியது. சுழன்ற சக்கரம் அடங்கியது, பின்சக்கரங்கள் பிடித்துத் தள்ளின. வண்டி ஒருமுறை சிலிர்த்துவிட்டு, நிற்காமல் முக்காமல் மேலே சாலையில் போய் நின்றது.

"அணைஞ்சிடுச்சு அண்ணி!" என்று மேலிருந்து வென்கோ கத்தினான். "விளக்கு அணைஞ்சிடுச்சு!"

"தெரியும்டா!" என்று கத்தினாள் செவ்தா. உண்மையில் அதுவரை அவள் மூச்சே விடவில்லை.

சோர்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து பையைத் தூக்கினாள். வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கைப்பையோடு மட்டும் வெளியே வந்து கதவைப் பூட்டினாள்.

"ஏண்டி, அறிவிருக்கா உனக்கு?" என்றாள். "வாசலை இப்படி வழுக்குப் பாறையா ஆக்கி வச்சிருக்கியே, சாயங்காலம் நான் எப்படிடி வீட்டுக்குள்ள வருவேன்?"

"சாம்பல் போட்டு வைக்கறேங்க்கா" என்றாள் செவ்தா. "நீ போய்ட்டு வா."